பெயரைத் தேடுவதும் இரக்கச் செயலே

(டிசம்பர் 17 அன்று காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)

நற்செய்தி: மத்தேயு 1:1-17



மலைமேல் பனி இறங்கிவிட்டது. சந்தைக்கு வாழைத்தாரும் மிளகும் கொண்டுவருகிறவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. இந்த எட்டு நாள்களின் முதல் நாளில், திருச்சபை நமக்கு ஒரு பெயர்ப் பட்டியலை வாசித்துக் காட்டுகிறது. ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு என்று தொடங்கி நாற்பத்திரண்டு தலைமுறைகள். கோயிலில் இதை நான் வாசிக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்க்கிறேன். பெரியவர்களும் அடக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். குருமடத்தில் படித்த காலத்தில் எனக்கும் இது ஒரு தேர்வுக் கேள்வியாகத்தான் இருந்தது. பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று எண்ணி எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

இந்தப் பட்டியலின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கடிதம். நான் செய்த ஒரு தவறும்கூட. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன் நம் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள மலையாளி மக்களின் பெரியவர்களிடம் உங்கள் முன்னோர் யார் என்று கேட்டால், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டார்கள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்களே நாங்கள் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் இந்தக் கதையைத் தாத்தா பேரனுக்குச் சொல்லி, பேரன் தன் பேரனுக்குச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கையில் பத்திரம் இல்லை, கல்வெட்டு இல்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தோம் என்பதை அவர்கள் விடவில்லை. மனிதனுக்கு இது சோற்றைப் போலத் தேவைப்படுகிறது.

இப்போது அந்தக் கடிதம். நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சமவெளியில் ஒரு பழைய பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். டர்பன் நகரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். தம் தாத்தாவின் தகப்பனார் சேலம் ஜில்லாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர் என்றும், ஊர்ப்பெயரை வைத்துப் பார்த்தால் உங்கள் பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். கப்பல் பதிவின் நகல் ஒன்றையும் வைத்திருந்தார். அவருடைய திருமுழுக்குப் பதிவு கிடைக்குமா, உடன்பிறந்தவர்கள் யாராவது உண்டா, இவ்வளவுதான் கேள்வி.

அந்தக் கப்பல் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் என்ற அந்த ஆங்கிலேயக் குடியேற்றத்தில் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, தங்க இடம், அரிசி பருப்பு. ஒப்பந்தம் முடியும்வரை முதலாளியின் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போனால் சிறை.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாவற்றையும் எழுதினார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது அது. ஆனால் ஆண்டவர் கோணலான கோட்டிலும் நேராக எழுதுகிறவர் அல்லவா! ஆள் பிடிக்க எழுதிய அதே பதிவுதான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு முன்னோரைக் கண்டுபிடித்துத் தருகிறது. அந்தக் கப்பல் பட்டியல்களை அங்குள்ள அறிஞர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த எண் தெரிந்தால் கப்பல் தெரியும், கப்பல் தெரிந்தால் ஊர் தெரியும். மொரிசியஸ் தீவிலும் இப்படியே. அங்கே மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், வந்திறங்கியவர்களின் பதிவுகளோடு அவர்களுடைய புகைப்படங்களும் இருக்கின்றன. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணியின் பின்னால் நடந்தும் படகேறியும் போனவர்களுக்கு இந்த அளவு பதிவு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

முதல் கப்பலிலேயே கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். டர்பனில் அப்போது இருந்த குரு, அமலமரி தியாகிகள் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர், தந்தை சபோன். இந்த மக்களுக்காக அவர் தமிழ் கற்றார் என்று அங்குள்ள திருச்சபை வரலாறு சொல்கிறது. நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஜாய் பிரெய்ன் என்ற வரலாற்றுப் பேராசிரியை கப்பல் பட்டியல்களை வைத்தே 1983இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. கடிதம் வந்த அன்று எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அது தவக்காலம். பாவசங்கீர்த்தனம், சிலுவைப்பாதை, கோயில் கூரை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை பழைய பதிவேட்டை எடுத்தேன். கப்பல் பதிவில் இருந்த தமிழ்ப் பெயரைத் தேடினேன். கால் மணி நேரம் புரட்டியிருப்பேன். இல்லை. மூடி வைத்துவிட்டு நான்கு வரியில் பதில் எழுதினேன். வருந்துகிறோம், அப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை, தங்களுக்காகச் செபிக்கிறோம். உண்மையைச் சொன்னால், செபிக்கவும் இல்லை. தபாலில் போட்டதும் மறந்துவிட்டேன்.

எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தை நேரம் கிடைக்கும்போது வாசித்துப் பாருங்கள். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் அது. அதில் சிலர் தங்கள் தந்தையின் வீட்டை எண்பிக்க முடியாமல் நிற்கிறார்கள். குருக்கள் குடும்பத்தைச் சேர்ந்த சிலர் தலைமுறை அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை, பணியிலிருந்து விலக்கப்படுகிறார்கள். வேதத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. எழுபது ஆண்டு அந்நிய நாட்டில் இருந்துவிட்டு, இது என் ஊர், இது என் குலம் என்று வந்து நிற்கிறவனிடம், 'உன் பெயர் ஏட்டில் இல்லை' என்று சொல்வது எவ்வளவு கனமான வார்த்தை! அந்த வார்த்தையைத்தான் நான் கால் மணி நேரத் தேடலுக்குப் பிறகு ஒரு மூத்த தாய்க்கு எழுதி அனுப்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து, அதே பங்கில் பழைய பதிவேடுகளைப் படம் எடுத்துப் பாதுகாக்கும் வேலை நடந்தது. இலத்தீன் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மதியம், பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. எங்கேயோ பார்த்த ஊர். பக்கத்தில் ஓர் இலத்தீன் பெயர், தகப்பன் பெயரும் இலத்தீனில். வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

அன்பானவர்களே, நம் பகுதியில் அந்நாளில் பணியாற்றியவர்கள் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள். பதிவேட்டை இலத்தீனில் எழுதுவார்கள். ஊரார் இராயப்பன் என்று கூப்பிடுகிறவரைப் பேத்ருஸ் என்று எழுதுவார்கள். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ். சந்தியாகு என்றால் யாக்கோபுஸ். ஞானப்பிரகாசம் என்றால் அலோய்சியுஸ். கப்பலில் எழுதிய ஆங்கிலேய எழுத்தரோ காதில் விழுந்த தமிழ்ப் பெயரைத் தனக்குத் தெரிந்தபடி எழுதுவார். காந்தியடிகளோடு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்ற ஜோசப் ராயெப்பன் என்ற வழக்கறிஞர் ஒப்பந்தக் கூலிப் பெற்றோருக்கு நேட்டாலில் பிறந்தவர். அந்த 'ராயெப்பன்' நம் இராயப்பனேதான் என்று கேட்டவுடனே உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? ஆக, ஒரே மனிதனுக்குத் தாய் கூப்பிட்ட பெயர் ஒன்று, கோயில் ஏட்டில் ஒன்று, கப்பல் ஏட்டில் ஒன்று. நான் தமிழ்ப் பெயரை இலத்தீன் ஏட்டில் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏழெட்டு ஆண்டு இலத்தீன் படித்தவன் நான். தெரியாமல் செய்தது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பொறுமை இல்லாமல் செய்தது.

இது நம் நாட்டு விஷயம் மட்டுமல்ல. அயர்லாந்து என்ற கத்தோலிக்க நாட்டில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகியது. அதன்பின் வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள், பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. அவர்களுடைய வம்சத்தினர் இன்றும் ஊர் தேடி வருகிறார்கள். 1922இல் டப்ளின் நகரில் நடந்த உள்நாட்டுப் போரில் அரசு ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கள்தொகைக் கணக்குகள் சாம்பலாயின. மிஞ்சியவற்றுள் முக்கியமானவை பங்குக் கோயில்களின் திருமுழுக்கு, திருமண ஏடுகள். அங்கும் பல பெயர்கள் இலத்தீனில்தான். பேட்ரிக் அங்கே பத்ரீசியுஸ். 2015இல் அந்நாட்டுத் தேசிய நூலகம் அந்த ஏடுகளின் பக்கங்களைப் படம் எடுத்து, உலகில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது.

அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் குடியேறிகளைப் பதிவு செய்யும் நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவள் ஆனி மூர் என்ற அயர்லாந்துப் பெண், வயது பதினேழு. அவளுக்குச் சிலையும் வைத்தார்கள். ஆனால் வேறொரு ஆனி மூரின் வாழ்க்கையைத்தான் அவளுடையது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையான ஆனி நியூயார்க் நகரத்தின் ஏழைத் தெருக்களிலேயே வாழ்ந்து, பல பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் பறிகொடுத்து, கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தாள். 2006இல் ஒரு பெண் ஆய்வாளர் ஏடுகளைச் சலியாமல் தேடி அதைக் கண்டுபிடித்தார். 2008இல் அவள் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். ஒருவர் பொறுமையோடு தேடியதால் ஓர் ஏழைப் பெண்ணுக்கு அவளுடைய பெயர் திரும்பக் கிடைத்தது.

மறுபடி நம் பங்கின் ஏட்டுக்கு வருகிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடினேன். திருமுழுக்கு கிடைத்ததும் திருமண ஏட்டை எடுத்தேன். அவருக்கு இங்கே திருமணம் நடந்திருந்தது. அடுத்த ஆண்டில் ஒரு பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு. பிறகு அடக்க ஏடு. 1877. நம் பெரியவர்கள் தாது வருசப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதே காலம். அதற்கு முந்திய ஆண்டுகளில் அடக்க ஏட்டின் ஒரு பக்கம் நிறையப் பல மாதங்கள் ஆகும். அந்த ஆண்டில் சில வாரங்களில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. எழுதிய குருவின் கையெழுத்தே மாறிப்போயிருந்தது. முழு வாக்கியம் போய், பெயரும் நாளும் மட்டும். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். 1881இல் அது 16 லட்சத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கணக்கு அந்தப் பக்கத்தில் பெயர்களாக இருந்தது. அதில் அவருடைய மனைவியின் பெயர். ஒன்பது நாள் கழித்து, குழந்தையின் பெயர்.

கப்பல் பதிவு அதற்கு அடுத்த ஆண்டு. தனி ஆள், வயது இருபத்து நான்கு, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பது கப்பல் ஏட்டில் இல்லை. அது கோயில் ஏட்டில் இருந்தது.

பழைய முகவரி பங்கின் கோப்பிலேயே இருந்தது. எழுதினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு கண்டதை எல்லாம் எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. எழுதியவர் மகள். அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார் என்றும், என் நான்கு வரிக் கடிதத்தைக் கடைசிவரை தம் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார் என்றும் எழுதியிருந்தார். 'இந்தியாவிலிருந்து ஒரு குரு நமக்காகச் செபிக்கிறார்' என்று வருகிறவர்களிடம் காட்டுவாராம். சகோதரர்களே, ஒரு குருவுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்த ஆயரும் கொடுக்க முடியாது.

அடுத்த ஆண்டு அந்த மகள் வந்தார். அறுபது வயதை நெருங்கியவர். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தவை சில சொற்கள்தான். தாத்தா, பாட்டி, சோறு, ரசம், அப்புறம் 'சாமி'. நான் அவரை அந்த ஊருக்கு அழைத்துப்போனேன். கப்பலேறியவரின் தங்கை ஒருத்தி இங்கேயே திருமணமாகி வாழ்ந்தது ஏட்டில் இருந்தது. அவள் வழியில் வந்த குடும்பம் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது.

உள்ளபடி சொல்கிறேன். போனவுடன் கட்டிப்பிடித்து அழவில்லை. வீட்டுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாமி, நெலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்களா?" என்றார். கூடியிருந்தவர்களில் ஒருவர், "அவங்க அங்க யாரைக் கட்டுனாங்க? என்ன சாதியில கலந்தாங்க?" என்றார். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் பல ஊர்களில் இந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். நிலமா, சாதியா என்று. கப்பல் பதிவில் சாதி என்ற இடத்தில் அந்த எழுத்தர் 'கிறிஸ்தவர்' என்று எழுதியிருந்தார். கோயில் ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஒரு வேற்று மதத்து எழுத்தர் 'கிறிஸ்தவர்' என்பதே போதும் என்று நினைத்தார், அது நமக்கு ஏன் போதவில்லை என்று மட்டும் கேட்டேன்.

அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், அதுவரை வாய் திறக்காதவர், வந்தவரின் கையைப் பிடித்து, "ஏங்கண்ணு, சாப்ட்டியா?" என்றார். அந்த அம்மையாருக்கு 'சாப்பாடு' என்பது மட்டும் புரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசத்தை வாயில் வைத்ததும், "இது எங்கள் வீட்டு ரசம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை திருப்பலிக்கு அவர் கருத்து கொடுத்தார். தம் தாயின் பெயரை எழுதினார். அடுத்து, 1877இல் இறந்த அந்த இளம்பெண்ணின் பெயர். பிறகு அந்தக் குழந்தையின் பெயர். "எங்கள் குடும்பத்தில் தாத்தாவைப் பற்றி ஒரு குறை இருந்தது. ஊரில் யாரையோ தவிக்க விட்டுவிட்டு ஓடிவந்தவர் என்று பேசிக்கொள்வார்கள். அவர் விட்டுவிட்டு வரவில்லை, அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியாமல் போய்விட்டது" என்றார். அதன்பின் அவர் எதுவும் பேசவில்லை. அந்தத் தாய்க்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். அந்தத் திருப்பலியை அந்த நினைவோடுதான் ஒப்புக்கொடுத்தேன்.

இனி, இன்றைய நற்செய்தியை மறுபடி கேளுங்கள். மத்தேயு தம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை எழுதுகிறார். நாமாக இருந்தால் அரசர்களை மட்டும் எழுதுவோம். மத்தேயு என்ன செய்கிறார்? தாமாரை எழுதுகிறார். எரிகோவின் இராகாபை எழுதுகிறார். மோவாபியப் பெண் ரூத்தை எழுதுகிறார். பெத்சபாவின் பெயரைச் சொல்லாமல் 'உரியாவின் மனைவி' என்று எழுதி, தாவீது செய்த பாவத்தை வம்சாவளிக்குள்ளேயே வைக்கிறார். பிற இனத்தார், பிறர் விரல் நீட்டிய பெண்கள், அரசனின் குற்றம், எதையும் அழிக்கவில்லை. என்ன சாதியில் கலந்தார்கள் என்று கேட்கிறவர்கள் இந்தப் பட்டியலை முழுவதும் வாசிக்க வேண்டும். நம் மீட்பர் அதில்தான் பிறந்தார்.

இன்னொன்று. பட்டியலின் நடுவில், பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டதைக் காலக்கணக்காகவே வைக்கிறார் மத்தேயு. அதற்குப் பின்வரும் பெயர்களைப் பாருங்கள். அசோர், ஆக்கிம், எலியூது. இவர்களைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை. என்ன வேலை செய்தார்கள், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள், தெரியாது. ஊரை இழந்தவர்களின் பிள்ளைகள், பெயர் மட்டும் மிஞ்சியவர்கள். ஆனால் அந்தப் பெயர்களில் ஒன்று விட்டுப்போயிருந்தால் யோசேப்பு வரை சங்கிலி வந்திருக்காது. யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்தார், யாரோ ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். நாடு கடத்தப்பட்ட இடத்தில், தெருவில் கிடந்த தம் மக்களின் உடல்களைத் தோபித்து அடக்கம் செய்தார். ஏட்டில் ஒரு பெயரைத் தேடி எடுத்து, உரியவரிடம் சேர்ப்பதும் அதே வகையைச் சேர்ந்த செயல் என்று நான் இப்போது நம்புகிறேன். கல்லறைத் திருநாளில் விளக்கு வைக்கிறோம். பெயர் தெரியாதவர்களுக்கு யார் வைப்பார்கள்?

இது பழங்கதை மட்டுமா? நம் மலையிலிருந்து மிளகுத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் குடகுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, பேர் தெரியாத வடநாட்டு ஊர்களுக்குப் போகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிவிட்டால், யார் எங்கே போனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. கையில் போன் இருக்கிறதே என்று நினைக்கிறோம். எண் மாறினால் ஆள் தொலைந்தான். அதனால் இந்தத் திருவருகைக் காலத்தில் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு நோட்டு வையுங்கள். தாத்தா பாட்டி பெயர், அவர்கள் பெற்றோர் பெயர், வந்த ஊர், திருமுழுக்கு பெற்ற கோயில் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆதார் அட்டையில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று இன்றும்தான் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது, வேலைக்கு வெளியூர் போகிறவர்கள், போகுமுன் பங்கு அலுவலகத்திலோ உபதேசியாரிடமோ ஊரையும் வேலை கொடுப்பவரின் பெயரையும் சொல்லிவிட்டுப் போங்கள். அன்பியக் கூட்டத்தில் அவர்கள் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். 'வெளியூரில் இருக்கிற எல்லாருக்காகவும்' என்று மொத்தமாகச் செபித்து முடித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, முன்னோரைத் தேடி யாராவது வந்தால், கடிதம் எழுதினால், அவர் நிலம் கேட்க வந்தவர் என்று கதவைச் சாத்தாதீர்கள். முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஏடு வைத்திருக்கும் என் சகோதரக் குருக்களுக்கும் இதையே சொல்கிறேன். இல்லை என்று எழுதுமுன், இன்னொரு முறை தேடுங்கள். வேறு பெயரிலும் தேடுங்கள்.

தம் உள்ளங்கையில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் எசாயா வழியாகச் சொல்கிறார். அவரிடம் யாருடைய பதிவும் தொலையவில்லை. நாம் தொலைத்தவற்றையும் அவர் வைத்திருக்கிறார் என்பதே என் ஆறுதல்.

செபிப்போம். ஆபிரகாமை ஊரை விட்டு அழைத்த ஆண்டவரே, பிழைப்புக்காகக் கடல் கடந்து போய், பெயரும் ஊரும் மறக்கப்பட்டு இறந்த எங்கள் முன்னோர் அனைவரையும் உம் இல்லத்தில் ஏற்றுக்கொள்ளும். தேடி வருகிறவர்களுக்குக் கதவு திறக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் அவசரத்தால் பிறருக்கு நேர்ந்த இழப்பை மன்னியும். எங்கள் தலைமுறைகளுக்குள் வந்து பிறந்த உம் திருமகன் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.